ஓங்கிய கால்

அவருடைய பெயர் ஹொஹேபா.
எங்கள் வாயில் அது நிற்கவில்லை.
முதல் கிழமையே
கோபாலண்ணை ஆக்கிவிட்டோம்.

நியூசிலாந்துக்காரர். வெள்ளையரில்லை.
வெள்ளையருக்கு முதலே அந்த மண்ணில் இருந்த ஆட்கள், மாவோரி,
என்று மொழிபெயர்க்கும் பெடியன் சொன்னான்.
முன்பு பட்டாளத்தில் இருந்தவராம்.

அம்பகாமத்துக் காட்டோரம், மூன்றாவது பாதை.
ஒரு மீட்டர் அகலம்,
இரண்டு பக்கமும் சிவப்புத்தலைக் கட்டைகள்.
முகக்கவசத்துக்குள் என் மூச்சிலேயே நான் அவிவேன்.
கருவி கத்தினால் முழந்தாளில் இருந்து
பிள்ளைக்குக் காது துடைப்பதுபோல
மண்ணைச் சுரண்டுவேன்.

அன்று கத்தியது மிதிவெடிக்கில்லை.
ஒரு பெல்ட் கொளுக்கி.
அதற்குக் கீழே இடுப்பு.

விசில் ஊதினேன். வேலை நின்றது.
பொலிஸ் வரவேணும், நீதவான் வரவேணும்,
பின்னேரமாகும் என்றார்கள்.
வீரை மரத்தடியில் நாங்கள் பதினொரு பேர்.
தேத்தண்ணி ஆறிப்போனது.

"சப்பாத்தைப் பார், அவங்கட ஆள்" என்றாள் கமலரூபி.
"பிடிச்ச சப்பாத்தை எங்கடயளும் போட்டவை" என்றாள் சுகந்தினி.
அதற்குமேல் கதை இல்லை.
பதினொரு பேரில் ஒன்பது பேருக்கு
தேட ஓர் ஆள் உண்டு.

என் தம்பிக்கு முன்பல் இரண்டுக்கும் நடுவே
ஒரு நெல் நுழையும் இடைவெளி.
நான் அந்தத் தாடையைப் பார்க்கவில்லை.
பார்த்தேன்.
மண் நிறைந்திருந்தது.

கோபாலண்ணை வந்தார், தலைக்கவசத்தைக் கழற்றினார்,
பெடியனிடம் ஏதோ கேட்டார்.
எந்தப் பக்கத்து ஆள் என்று கேட்கிறாராக்கும்.
"இல்லை அக்கா,
இந்த ஆளுக்கு ஆரும் அழுதவையோ எண்டு கேக்கிறார்."

கல்லறை இருந்தவர்களின் கல்லையே
கிளறிக் கொட்டிய ஊரில்
என்ன பதில் சொல்வது?

சுத்தம் செய்த பாதையின் கடைசிக் கட்டை வரை நடந்து
கால்களை அகட்டி நின்றார்.
குரல் அடிவயிற்றிலிருந்து ஏறியது.
பாட்டில்லை. ஒப்பாரியுமில்லை.
கண் பிதுங்கி, நாக்கு நாடிவரை தொங்க,
கலை வந்துவிட்டது இந்த மனிசனுக்கு என்று
சுகந்தினி பயத்தில் சிரித்தாள்,
பிறகு வாயைப் பொத்தினாள்.
நீட்டிய கைகளில் விரல்கள் மட்டும்
ஏ-ஒன்பது வீதியில் மத்தியானக் கானல் போல நடுங்கின.

அவருடைய ஊரில் செத்த சிப்பாயைக் கொண்டு வந்தால்
கூட நின்றவர்கள் இப்படித்தான் எதிரே நிற்பார்களாம்.
தொடையில் அறைவார்களாம், நிலத்தை உதைப்பார்களாம்.
இதெல்லாம் பெடியன் பிறகு சொன்னது.

அப்போது நாங்கள் கண்டது
அவர் காலை ஓங்கியதைத்தான்.

பதினொரு பேரும் எச்சிலை விழுங்கினோம்.
கட்டைக்கு அந்தப் பக்கம்
இன்னும் ஒருவரும் தொடாத மண்.

கால் அந்தரத்தில் நின்றது.
பிறகு
தொட்டிலுக்குப் பக்கத்தில் வைப்பதுபோல இறங்கியது.
மறுபடி ஓங்கினார், மறுபடி மெல்ல வைத்தார்.
நிலத்துக்கு விழவேண்டிய அடியையெல்லாம்
நெஞ்சு வாங்கியது.
சிவந்தது. கன்றியது.

முதலில் கமலரூபிதான்.
முள்ளிவாய்க்காலில் புருசனை விட்டுவந்த நாளிலும்
அடிக்காத மாரில் ஓங்கி ஓர் அடி.
பிறகு நாங்கள் எல்லோரும்.
பாதுகாப்பு அங்கியைக் கழற்ற மறந்திருந்தோம்.
அந்தத் தடித்த துணியில் அறைந்தால்
சத்தம் அமுங்கித்தான் வரும்,
பெட்டிக்குள் இருந்து யாரோ தட்டுவதுபோல.

அவன் அனுராதபுரத்தானாகவும் இருக்கலாம்.
அது தெரிந்தும் என் கை நிற்கவில்லை.
இன்றைக்கும் எனக்கு அதில் கொஞ்சம் கோபம்.

மூன்றரைக்கு நீதவான் வந்தார்.
"அடையாளம் இல்லை" என்று எழுதினார்கள்.
ஒரு பையில் கொண்டுபோனார்கள்.

கோபாலண்ணை வேறு நாட்டுக்குப் போய்
இரண்டு மாரி கழிந்துவிட்டது.
காணியை உரியவரிடம் கொடுத்தாயிற்று.
மூன்றாவது பாதை இப்போது கச்சான் தோட்டம்.

போன கிழமை அந்த வழியால் போனேன்.
யாருமில்லை என்று பார்த்துவிட்டு
காலை ஓங்கினேன்.
சுத்தமான நிலம். நானே சுத்தம் செய்த நிலம்.
கால் இறங்கவில்லை,
மெல்ல, மிக மெல்லத்தான் வைத்தேன்.

வரம்பில் நின்ற காணிக்காரர் கேட்டார்:
"என்ன பிள்ளை, முள்ளோ?"

ஓம் என்றேன்.