விருந்தோம்பல், மாதம் இரண்டு தொண்ணூற்றைந்து

அறுநூற்றுப் பன்னிரண்டு படங்கள் இருக்கின்றன என்னிடம்.
எல்லாம் பெயர்ப்பலகைகள்.
எல்லாம் தமிழ், அல்லது
தமிழ் என்று நம்பி யாரோ வரைந்தவை.

ஆஸ்பத்திரி யன்னலில் 'மறந்து கொடுக்குமிடம்'.
கந்தோர் வாசலில் 'வரிசையில் நீக்கவும்'.
கோட்டையில் ஒரு கட்டடத்தின் நாலாம் மாடியில்
பச்சை விளக்குக்குக் கீழே, ஓடும் மனிதனுக்குப் பக்கத்தில்
'வெளியேறும் வலி'.

பதினொரு வருடச் சேகரம். போன் நிறைந்துவிட்டது.
இனி ஒன்றை எடுக்க ஒன்றை அழிக்கவேண்டும்.
அதனால்தான் ஒரு தளம், என் பெயரில்.
யார் பார்ப்பார்கள் என்று கேட்காதீர்கள்.
பலகை எழுதியவரும் அதைக் கேட்கவில்லை.

வெள்ளவத்தை, இரவு பத்தரை.
கடல்பக்கத்து அறை. ரயில் போகும்போதெல்லாம்
கோப்பைத் தேநீரில் வளையங்கள்.
ஒன்பது நிறுவனங்களைத் திறந்து வைத்திருக்கிறேன்.
முதலாவதின் தமிழ்ப் பக்கம், இயந்திரம் பெயர்த்தது,
'உங்களுக்கு ஏற்ற விருந்தோம்பலைத் தேர்வுசெய்க' என்கிறது.
விருந்தோம்பல், மாதம் இரண்டு டொலர் தொண்ணூற்றைந்து சதம்.
கீழே, எறும்பெழுத்தில்:
இரண்டாம் வருடம் முதல் பதினொன்று தொண்ணூற்றொன்பது.
விருந்தும் மருந்தும் மூன்று நாள்.
இவர்கள் பன்னிரண்டு மாதம் தருகிறார்கள், குறை சொல்லக்கூடாது.
படம் எடுத்துக்கொண்டேன். அறுநூற்றுப் பதின்மூன்று.
அதற்காக அழித்தது யாரோ பிள்ளையின் பிறந்தநாள் கேக்.

இன்னொன்று 'எல்லையற்ற இடம்' என்றது.
பக்கத்தில் பொடி நட்சத்திரம் ஒன்று.
கொழும்பில் அறை தேடியவளுக்கு அந்த நட்சத்திரம் தெரியும்.
காற்றோட்டம் உண்டு, தனிவாசல் உண்டு,
ஒரு வருட முற்பணம்,
சுவரில் ஆணி அடிக்கக்கூடாது,
பொலிஸ் பதிவுத் துண்டு வேணும்,
சொந்த இடம் எது பிள்ளை?

'உங்கள் சேர்வர் எங்கே இருக்க விருப்பம்?'
சிங்கப்பூர். மும்பை. பிராங்ஃபேர்ட். டொரொன்டோ.
எங்கள் வீட்டு விலாசக் கொப்பியைப் பார்த்து எழுதியதுபோல.
கொழும்பு இல்லை.
சிங்கப்பூரைத் தொட்டேன்.
கோட்டையில் எடுத்த படம் கடலுக்கடியால் அங்கே போகும்,
தெகிவளையில் ஒருத்தி திறந்தால் திரும்பி வரும்.
அறுபது மில்லிசெக்கன். விசா இல்லை.

கார்ட் மூன்று தரம் மறுத்தது.
வங்கியில் திருமதி விஜேதுங்க, மூக்குக் கண்ணாடிக்கு மேலால்:
எதற்கு டொலர்?
வாடகை, என்றேன்.
எந்த நாட்டில் வீடு?
வீடில்லை மிஸ், பலகை வைக்க ஓரிடம்.
அவர் ஏதோ எழுதினார். முத்திரை குத்தினார்.

மத்தியானம், சோற்றுப் பார்சலை விரித்தபடி
கந்தோரில் கணினி பார்க்கும் பஸ்மில் கேட்டான்:
'எல்லாரும் உள்ளுக்கு வாற விலையைத்தான் பார்க்கிறீங்க.
போற நேரம் எதைக் கொண்டு போக விடுவாங்கன்னு பார்த்தீங்களா?'

எங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்கு
வயது என்னைவிட அதிகம்.
ஊறுகாயை அவன் பக்கம் நகர்த்தினேன்.

அன்றிரவு விலைகளை விட்டு
விலகும் நிபந்தனைகளை மட்டும் வாசித்தேன்.
ஆறு பேர் அதைப் பற்றிச் சொல்லவேயில்லை.
இரண்டு பேர் காசு கேட்டார்கள்.
கடைசி ஒன்று, விலை கூட, பக்கமும் அழகில்லை,
தமிழும் இல்லை, நட்சத்திரமும் இல்லை,
எல்லாக் கோப்புகளும் பெயரும் ஒரே பொதியில்,
எந்த நாளும் எடுத்துப் போகலாம் என்றது.
ஏன் என்று கேட்கமாட்டோம் என்றது.

கட்டிவிட்டேன்.
படிவம் குடும்பப் பெயர் கேட்டது. வெறுமையாக விட விடவில்லை.
அப்பாவின் பெயரைப் போட்டேன்.
உடனே ஒரு மின்னஞ்சல்:
அன்புள்ள தர்மகுலசிங்கம், நல்வரவு.
ஒரு படிவத்தையும் நம்பாமல் செத்த மனிதர்.

முதல் படமாகப் பச்சை விளக்கை ஏற்றினேன்.
கீழே 'எழுத்துப்பிழை' என்று குறிக்கப் போனேன்.
குறிக்கவில்லை.

மற்றவை ஏறிக்கொண்டிருக்கின்றன. நாலு வீதம்.
கடைசி ரயில் போகிறது.
ஐந்து.