வெளுப்பு

கொலம்பியா ஆற்று வாய்க்கால் தண்ணீரை
நீளக் குழாயொன்று வட்டமாய்ச் சுற்றித் தெளிக்கும் மண்ணில்,
க்வின்சிக்குக் கிழக்கே,
லோரீன் ஓஸ்ட்ரைக் கோதுமைக்குப் பின் கோதுமையே விதைத்தாள்.
பிடிவாதம் என்றார்கள் பக்கத்துப் பண்ணைக்காரர்கள்.
கடன் என்றாள் அவள்.
வேறு பயிருக்கு வேறு இயந்திரம் வேண்டும்,
இன்னொரு கடனுக்கு வங்கி ஒப்பவில்லை.

மூன்றாம் ஆண்டு, ஜூனிலேயே கதிர்கள் வெளுத்தன.
உருவினால் உள்ளங்கையில் உமி.
பிடுங்கினால், கரியில் தோய்த்த நூல்போல வேர்.
அந்தப் பூஞ்சை நோய்க்கு அங்கே
‘எல்லாம் வாரி’ என்று பொருள்படும் பெயர்.

நான்காம் ஆண்டு இன்னும் மோசம்.
ஐந்தாம் ஆண்டு டிராக்டருக்கு விலை விசாரித்தாள்.
ஆறாம் ஆண்டு வெளுப்பு
வரப்போரம் ஒதுங்கி நின்றது,
ஏழாம் ஆண்டு அதுவும் இல்லை.
யாரும் ஒன்றும் தெளிக்கவில்லை.
தேவாலயத்தில் எல்லோரிடமும் ஒரு காரணம் இருந்தது,
அவளைத் தவிர.

புல்மனிலிருந்து வந்த நெஸ்ரின்
ஒரு வாளி மண் கேட்டு வாங்கிப் போனாள்.
பாதியை அறுபது பாகையில் அரை மணி நேரம் வைத்தாள்:
காவல் செத்தது.
சூடுபடாத மீதியில் ஒரு பிடி எடுத்து
நோய் மண்ணில் கலந்தாள்:
வேர் வெள்ளையாய் இறங்கியது.

தட்டில் துரு நிறப் புள்ளிகள் முளைத்தன.
ஒவ்வொன்றும் கோடி உயிர்.
ஆறு கரி அணுக்கள் கைகோத்த வளையம்,
அதில் இரண்டு கொக்கி:
பூஞ்சையைக் கொல்ல அவை வடிக்கும் நஞ்சு.
நோய் வந்து வேர் அழுகியபோதுதான்
இவற்றுக்குச் சோறு கிடைத்திருக்கிறது,
கூட்டம் பெருகியிருக்கிறது.
நோய் போட்ட பந்தியில் உண்டு
நோயையே கொன்றிருக்கின்றன.
உண்ட வீட்டுக்கு இரண்டகம்;
இந்த ஒருமுறை, நல்லது.

வடிக்கும் மரபணுக்கள் ஒரே தெருவில், அடுத்தடுத்த வீடு.
அடுப்பை மூட்டு என்று சொல்லும் மரபணு மட்டும்
ஊருக்கு மறுகோடியில்.

குளிர்காலம் முழுக்க நெஸ்ரின்
கொழுத்த சாறு ஊற்றி வளர்த்தாள்,
குடுவை மாற்றிக் குடுவை மாற்றி.
மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை மூடியைத் திறந்தால்
முக்கால் தட்டு வெளுத்த புள்ளிகள்.
எதிரியில்லாத வீட்டில், பசியில்லாத வீட்டில்,
நஞ்சு வடிப்பது வீண் செலவு;
வடிக்காதவை வேகமாய்ப் பெருகிவிட்டன.
படித்துப் பார்த்தாள்.
அடுப்பு இருக்கிறது, பானை இருக்கிறது.
மறுகோடிக் குரலில்
ஓரெழுத்து உதிர்ந்திருந்தது.

பசி வந்தால் பத்தும் பறக்கும் என்போம்.
வயிறு நிறைந்தபோது இங்கே பறந்தது
ஒன்றே ஒன்று.

உறைபெட்டியைக் கிளறினாள்.
மைனஸ் எண்பதில், பனி சுரண்டிப் படித்தாள்:
‘ஓஸ்ட்ரைக், ஏழாம் ஆண்டு, சிவப்பு.’
நான்கு குப்பிகள்.

அப்போதுதான் தொலைபேசி.
லோரீன் சிரித்துக்கொண்டே பேசினாள்.
நேற்றோடு கடன் தீர்ந்தது.
கோதுமை முகத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது,
இந்த வருடம் உருளைக்கிழங்கு.

நெஸ்ரின் தட்டை விளக்கடியில் சாய்த்தாள்.
வாழ்த்துகள் என்றாள். பிறகு,
ஒரு மூலையிலாவது கோதுமையை விட்டு வையுங்கள்.

எவ்வளவு பெரிய மூலை?
வட்டத்துக்கு வெளியே நாலு மூலை
சும்மாதான் கிடக்கிறது.
குழாய்த் தண்ணீர் எட்டாது,
கதிர் சாணுக்கு மேல் வளராது,
அது போதுமா?