குடைக்கணக்கு

குணநாயகம், நீங்கள் போய்
இது முதல் மாரி.
வீட்டில் ஒரு குடையும் இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் நனைந்தவனுக்கு ஒன்று,
கிண்ணியா பஸ்ஸுக்கு ஓடிய பிள்ளைத்தாய்ச்சிக்கு ஒன்று,
கோயில் அன்னதானத்துக்கு அரிசி இறக்கினவருக்குக்
கடைசியாய் இருந்ததும்.
"திருப்பித் தருவினம்" என்பீர்கள்
தலையைத் துவட்டிக்கொண்டு.
சின்னவள் பொறுக்காமல்
பிடியிலெல்லாம் நகப்பூச்சால்
'கு' என்று எழுதி வைத்தாள்.
ஒன்றும் திரும்பவில்லை.

நான் ஏசின ஏச்சு
உட்துறைமுக வீதி முழுக்கக் கேட்டிருக்கும்.
நீங்களோ பாரைமீன் பொரியலில்
நடுத்துண்டை என் கோப்பைக்குத் தள்ளிவிட்டு
தலையோடு மினக்கெட்டுக்கொண்டிருப்பீர்கள்.

நேற்று பென்சன் கடிதத்தோடு போனேன்.
கச்சேரியடியில் பிடித்தது மழை.
யாரோ ஒரு பெடியன்,
கேட்காமலே குடையை என் பக்கம் சரித்தான்.
பஸ் வரும்வரை
அவனுடைய வலத்தோள் நனைந்தது,
உங்களுடையது போல.

பிடியைப் பார்த்தேன்.
வெறும் கறுப்பு. எழுத்தில்லை.

வரும் வழியில்
இரண்டு குடை வாங்கினேன்.
சின்னவள் நகப்பூச்சைத் தேடினாள்.
வேண்டாமென்று விட்டேன்.