நாரஹேன்பிட்டவில் கேட் திறந்தபோது

வெரஹெரவில் ஒரு காகிதம் தந்தார்கள்.
பெயர்: திலகவதி கனகராஜ். நாடு: இந்தியா.
அனுமதி: தற்காலிகம்.
எத்தனை வருடமாக ஓட்டுகிறீர்கள் என்றார் அதிகாரி.
பத்தொன்பது, என்றேன்.
பாலக்காட்டுக் கணவாயில், ராத்திரி மழையில்,
லாரிகளுக்கு நடுவே ஓட்டியவள் என்பதையும்
சொல்ல வாயெடுத்தேன்.
அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

கம்பெனி கொடுத்தது ஒரு வெள்ளை ஆல்ட்டோ.
முதல் வாரம் என் கட்டைவிரல்தான் அதை ஓட்டியது.
வளைவு வந்தால் ஒரு ஹார்ன், வளைவு முடிந்தால் ஒன்று,
சும்மா இருக்கிறேன் என்று சொல்ல ஒன்று.
பக்கத்து இருக்கையில் கொம்பனித்தெரு ரிஸ்லா
ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்:
“மிஸ், இங்க ஹோன் அடிக்கிறது ஏசுற மாதிரி.
காலையில இருந்து நாப்பது பேருக்கு ஏசிட்டீங்க.”

பலகைகளில் என் மொழி நடுவில் இருந்தது.
நான் பார்க்கிங் என்பதை அது தரிப்பிடம் என்றது.
ஜீப்ரா கிராசிங்கை, பாதசாரிக் கடவை.
சொந்த மொழியிலேயே
எல்-போர்டு மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

வெள்ளவத்தைக் கடவையில் ஒருத்தி கால் வைத்தாள்,
கையில் மீன் பை சொட்டிக்கொண்டிருந்தது.
அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.
நிற்பேன் என்று நம்பிவிட்டாள்.
ரோட்டில் என்னை அப்படி யாரும் நம்பியதில்லை.
மிதித்த கால் பம்பலப்பிட்டி வரை நடுங்கியது.

சாதுக்களின் ஊர் என்று சொல்லவில்லை.
நூற்று முப்பத்தெட்டாம் பஸ்
என்னைச் சாக்கடை விளிம்புவரை ஒதுக்கியிருக்கிறது.
லைட்டை ஒருமுறை வெட்டினால் “நீ போ” என்கிறான் ஒருவன்,
“நான் வருகிறேன்” என்கிறான் இன்னொருவன்.
எவன் எவன் என்பது இன்றைக்கும் எனக்கு ஊகம்தான்.

ஆனால் அந்தப் புதன்கிழமை.
நாரஹேன்பிட்ட ரயில் கேட், ஐந்தே முக்கால், தூறல்.
இடப்பக்கம் மூடிய கடைகளைத் தாண்டி நீளும் வரிசை.
வலப்பக்கம் காலி,
கழுவிவிட்ட வாசல் மாதிரி.
எங்கள் ஊரில் அதற்கு ஒரே பொருள்.
போனேன்.
நாற்பது வண்டிகளைத் தாண்டி,
கேட் கம்பியை முகர்வதுபோல் முதலாவதாக நின்றேன்.
கெட்டிக்காரி, என்றும் நினைத்துக்கொண்டேன்.

ரயில் போனது, கதவுகளில் தொங்கும் சட்டைகளோடு.
கேட் எழுந்தது.
எதிரே ஓர் ஊரே
என் முகத்தைப் பார்த்தபடி நின்றது.

ஒரு ஹார்ன் இல்லை.

ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருப்பேன்,
அதற்குப் பத்தொன்பது வருடப் பயிற்சி உண்டு.
இதற்கு இல்லை.
வைப்பர் மட்டும் இல்லை, இல்லை என்று
தலையாட்டிக்கொண்டிருந்தது.

இடப்பக்கம், நான் கடைசியாகத் தாண்டிய ஆட்டோ
ஒரு முழம் பின்னால் போனது.
அதன் பின்னால் இருந்த வேனையும் கைகாட்டிப் பின்னால் அனுப்பியது.
மெல்ல மெல்ல
ஓர் ஆல்ட்டோவின் அகலத்தில் திறந்தது இடம்.
ஓட்டுநர் தலையை நீட்டி “ஹரி, ஹரி” என்றார்.
எனக்குக் கேட்டது பெருமாள் பெயர்.
அவர் சொன்னது சரி, சரி.
சாரி என்றேன்.
“கமக் நே.”
அது பரவாயில்லை என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும்;
அந்த மொழியில் நான் அடிக்கடி கேட்டது அதைத்தான்.
அவர் கண்ணில் கேலி இருந்ததா?
இருந்தது, கொஞ்சம். அது என் கணக்கில்தான் சேரும்.

தண்டவாளத்தின் மேல் குலுங்கும்போது
கையை உயர்த்திக் காட்டினேன், உள்ளங்கை விரிய.
எங்கள் ஊரில் வண்டிக்குள்ளிருந்து அப்படி ஒரு கை எழுந்தால்
அடுத்து ஆள் இறங்குவான்.
இங்கே அது நன்றி.
என் கை அதை முதல்முறை சொன்னது, திக்கித் திக்கி.

காகிதத்தில் இன்னும் இரண்டு மாதம் பாக்கி.
நேற்று ராஜகிரியவில் ஒரு பைக் பையன் குறுக்கே வர,
கட்டைவிரல் என்னைக் கேட்காமல் அடித்துவிட்டது.
சின்னதாகத்தான்.
ரிஸ்லா போனிலிருந்து நிமிரவில்லை.
“ஒண்டு,” என்றாள்.