உலர் எடை

பதினாறு முட்டை.
கோலிவாடா சந்தில் ஹலீமா பானுவிடம் வாங்கியவை.
ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலால்
எண்ணும் எடையும் எழுதினேன்.
ஏழாம் எண்: நாற்பத்தெட்டு கிராம்.

பெட்டி, மீன் வந்த தெர்மகோல்.
மூன்று முறை கழுவியும் வாவல் வாசம் போகவில்லை.
உள்ளே குண்டு பல்பு, பழைய கம்ப்யூட்டரின் விசிறி,
தண்ணீர் ஊற்றிய சோப்பு டப்பா,
ஈரமானி ஒன்று.
அதை நம்புமுன்
குழைத்த உப்போடு ஒரு பையில் போட்டு
இரவு முழுக்க அடைத்துவைத்தேன்.
எழுபத்தைந்து காட்ட வேண்டும். எழுபது காட்டியது.
பொய்யின் அளவு தெரிந்தால் போதும்,
கூடவே வைத்துக்கொள்ளலாம்.

ஜூலை.
ஆண்டாப்ஹில்லில் தீக்குச்சி உரசினால் மழுங்குகிறது.
அப்பளம் தட்டுக்கு வருமுன் நமத்துப்போகிறது.
துவைத்த யூனிஃபார்ம் மூன்றாம் நாளும்
நனைந்த நாயின் வாசத்தோடு கொடியில்.
இந்தக் காற்றுக்கா நான் தண்ணீர் வைத்தேன்?

ஏழாம் நாள் தராசில்
ஏழாம் எண் ஒரு கிராம்தான் குறைந்திருந்தது.
இரண்டரையாவது போயிருக்க வேண்டும்.
டார்ச் அடித்துப் பார்த்தால்
தடித்த முனையில் காற்றறை
சட்டைப் பொத்தான் அளவு.

முட்டைக்கும் வியர்க்க வேண்டும்.
பதினெட்டு நாளில் நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு
ஓட்டின் துளைகள் வழியே போய்விட்டால்தான்
உள்ளே முதல் மூச்சுக்கு இடம்.
இல்லையென்றால் குஞ்சு
வளர்ந்து முடித்து, தூவி முளைத்து,
மூக்கைத் தூக்குகிற அன்றைக்குத்
தன் வீட்டுக்குள்ளேயே முங்கிப்போகும்.

இது எனக்குப் புதிதில்லை.
சயானில் டயாலிசிஸ் வார்டு.
ஊசிக்கு முன் தராசு, ஊசிக்குப் பின் தராசு.
செவ்வாய், வெள்ளி கோவேகர் வருவார்.
கணுக்காலில் என் கட்டைவிரல் அழுத்திய குழி
எழ மறுக்கும்.
ஒரே ஒரு மோசம்பி ஜூஸ், என்பார்.
இரண்டு கிலோ எண்ணூறு மோசம்பியா காகா?
சிரிப்பார். சிரித்து முடிக்குமுன் இளைக்கும்.
மணிக்கு எழுநூறு மில்லி, நாலு மணி நேரம்.
அவசரப்பட்டு இழுத்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.
விட்டுவைத்தால் நெஞ்சுக்கு ஏறும்.

வீட்டுக்கு வந்து சோப்பு டப்பாவைக் கவிழ்த்தேன்.
தாராவியில் பை தைக்கிற பட்டறையிலிருந்து
செல்வின் சிலிக்கா பொட்டலங்கள் கொண்டுவந்தான்,
டிபன் கேரியர் நிறைய.
தின்னாதே என்று நாலு மொழியில் எச்சரித்தன.
பிரித்துக் கொட்டி, பழைய சாக்ஸில் முடிந்து வைத்தோம்.
ஈரம் குடித்த மணிகளை
தினமும் தோசைக்கல்லில் வறுத்தோம்.
அறுபது. ஐம்பது. முப்பத்தைந்து.
நான் ஐந்தைக் கூட்டிக்கொண்டேன்.

பதினெட்டாம் நாள்
ஏழாம் எண் நாற்பத்திரண்டு.
அன்றோடு எல்லாம் தலைகீழ்.
ஓட்டை உடைக்கிற மூன்று நாளுக்கு ஈரம் வேண்டும்,
இல்லையென்றால் உட்சவ்வு காய்ந்து
குஞ்சின் மேலேயே தோலாக ஒட்டிவிடும்.
சாக்ஸை எடுத்தேன், டப்பாவை வைத்தேன், ஸ்பாஞ்சை நனைத்தேன்.
மூடியை டேப் போட்டு ஒட்டச் சொன்னேன்
செல்வினை. என் கையை எனக்குத் தெரியும்.

ஒன்பது பொரித்தன.
அதிகாலை ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது
பெட்டிக்குள் சீட்டி.

இருபத்துநாலாம் நாள் மற்றவற்றை உடைத்தேன்.
நாலில் கரு பிடிக்கவே இல்லை. இரண்டில் தண்ணீர்.
ஏழாம் எண்ணில் தண்ணீர் இல்லை, சவ்வு ஒட்டவில்லை,
அலகு காற்றறைக்குள்ளேயே இருந்தது.
எடை சரியாகத்தான் இருந்தது.

செவ்வாயன்று கோவேகர் கேட்டார், எத்தனை?
ஒன்பது, என்றேன்.
பதினாறிலா, என்று விரல் மடக்கினார்.
பிறகு தானாகவே,
இந்த முறை ஜூஸ் குடிக்கவில்லை, என்றார்.
தராசு மூன்றே கால் கிலோ கூடக் காட்டியது.
செருப்பைக் கழற்றச் சொல்லி
மறுபடி ஏற்றினேன்.