மதிப்பீட்டில் உள்ளது

பிப்ரவரி மூன்றாம் தேதி அனுப்பினேன்.
ஐந்து வருடத்தில் எண்ணூற்றுப் பன்னிரண்டு நாள்
தண்ணீர்மேல் இருந்தேன் என்று கம்பெனியின் கடிதம்,
மூத்திரம் சுத்தம் என்று ஆய்வகத்தின் கடிதம்,
சிவப்பைச் சிவப்பென்றும் பச்சையைப் பச்சையென்றும்
சொன்னதற்கு டாக்டரின் கையெழுத்து,
காது மறையாமல் ஒரு புகைப்படம்:
டெல்ஃபீன் தெரியோ, வயது ஐம்பத்தொன்று,
இழுவைப்படகு மாலுமி, ஹூமா, லூசியானா.

ஜூன் ஒன்பது. நள்ளிரவு.
கால்வாயில் ஆறு பார்ஜுகள் என் முன்னே
இருட்டில் கால் மைல் நீளத்துக்குக் கிடந்தன.
பதினொன்றே முக்காலுக்கு ரெமியை எழுப்பி
சுக்கான் பிடிகளை அவன் கையில் கொடுத்தேன்.
பதினொன்று ஐம்பத்தொன்பது வரை மாலுமி.
பன்னிரண்டுக்குப் பயணி.
அதே கண்தான்.
அதே கோப்பையில் அதே காபி
இன்னும் ஆறவில்லை.

அடுத்த மதகில் இறக்கிவிட்டார்கள்.
பையைத் தூக்கிப் போட்டவன்
முகத்தைப் பார்க்காமல் போட்டான்.

தினமும் காலையில் அந்தப் பக்கத்தைத் திறக்கிறேன்.
மதிப்பீட்டில் உள்ளது.
பல் தேய்த்துவிட்டு வந்து பார்க்கிறேன்.
மதிப்பீட்டில்தான் உள்ளது.
யாரை மதிப்பிடுகிறார்கள்?
பனிமூட்டத்தில் பாலத்தூணுக்கு
நாலடி விட்டுத் திருப்பினேனே, அவளையா,
பன்னிரண்டு பக்கத்தில் ஒன்பதாம் பக்கம்
ரத்த அழுத்தக் கட்டத்தில்
டாக்டர் போட மறந்த ஒரு டிக்கையா?

டிக் போட்டு மறுபடி அனுப்பினேன்.
வரிசையின் வாலில் சேர்த்தார்கள்.

போன் செய்தால் ஒரே பியானோ.
நாற்பத்தாறு நிமிடம் கழித்து ஒரு பெண், மார்வா.
மலைக்கு நடுவே ஒரு ஊராம் அவளுடைய ஆபீஸ்.
கடலைப் பார்க்க ஆறு மணி நேரம் கார் ஓட்டவேண்டும்,
நான் போனதில்லை என்றாள்.
எங்கள் அறையில் பதினோரு மேசை, மேடம்,
நாலில்தான் ஆள்.
திட்டுவதற்கென்று எழுதி வைத்திருந்த காகிதம்
கையிலேயே இருந்தது.
உங்களுடையது மேலே வந்தால்
நானே எடுக்கிறேன் என்றாள்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
மேலே வருமா என்பதைச் சொல்ல முடியாது.

கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்தேன்.
கப்பல் ஒன்றும் கவிழவில்லை.
அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது,
வாரத்துக்கு இரண்டு தடவை,
என் வீட்டுக் கொல்லைப்பக்கமாகவே.

இப்போது துயெனின் இறால் துறையில் எடை போடுகிறேன்.
வியட்நாமிலிருந்து குழந்தையாகப்
படகில் வந்தவர் அவர்.
உரிமம் கேட்டார்களா என்றேன்.
எங்களிடம் தண்ணீரே கேட்கவில்லை என்றார்,
குடிக்க ஏதாவது இருக்கிறதா என்று.
சிரித்துவிட்டு ஐஸை அள்ளிக் கொட்டினார்.
மணிக்குப் பதினோரு டாலர்.
படகில் நான் ஒரு நாளில் சம்பாதித்ததை
இங்கே இறால்வாடையோடு
ஒரு வாரம் சேர்க்கிறேன்.

ஆகஸ்டில் ஒரு கடிதம் வந்தது.
உறையைக் கத்தியால் கிழித்தேன், கோணாமல்.
மூத்திரப் பரிசோதனை காலாவதியாகிவிட்டதாம்.
நாங்கள் தாமதித்த நாட்களில்
என்று எங்கும் எழுதவில்லை.

நேற்று இரவு பத்துக்கு மேல்
'மிஸ் ஒடீல்' வரும் சத்தம்.
இடது எஞ்சினில் ஒரு விக்கல் உண்டு,
பதினான்கு வருடமாக உண்டு,
அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டேன்.
சைப்ரஸ் மரத்து வளைவு.
அங்கே நீர் பார்ஜின் மூக்கை
வடக்கே இழுக்கும், மழை பெய்திருந்தால் கூடுதலாக.
மழை பெய்திருந்தது.

இப்போது குறை, ரெமி.
குறைக்கவில்லை.
இப்போது.
எஞ்சின் அதே சுருதியில் வந்தது.
ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.
ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினேன்.
பிறகு பின்னோக்கிய அந்த நீண்ட உறுமல்,
தாமதமாக, ஆனால் போதுமானதாக.
கரையில் எதுவோ உரசிய சத்தம்,
மரமாக இருக்கலாம்.

விளக்கைப் போட்டபோது பார்த்தேன்:
உப்புக்குப்பியும் மிளகுக்குப்பியும்
என் இரு கைகளுக்குள்,
மேசை விளிம்புவரை
பின்னால் இழுபட்டிருந்தன.