நகராதது

கரகண்டா பணிமனை. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
நிலக்கரி வண்டியின் அச்சுத்தண்டு, தேய்த்துத் துடைத்தபின்
மீன்வயிறு போல் மினுங்குகிறது.

செப்புச்சுருளை அருகில் கொண்டுபோய்
அரை நொடி மின்சாரம் விடுகிறாள் மக்பால்.
திரையில் ஊதா, பிறகு ஆரஞ்சு,
ஓரமாய் ஒரு வெள்ளைத் திட்டு.

"நாலு மணிக்கு வண்டி கிளம்பணும்."
யெர்தோஸ் மூன்றாம் முறையாகச் சொல்கிறான்.

தலையைச் சாய்க்கிறாள். திட்டும் சாய்கிறது.
அவள் கன்னத்தின் சூடுதான்.
பளபளத்த இரும்பு யார் முகத்தையும் திருப்பிக் காட்டும்,
இருட்டிலும்கூட.
போன மார்ச்சில் இதை நம்பி
நல்ல அச்சொன்றைக் கழித்துப் போட்டாள்.
அந்தக் கணக்கு இன்னும் யெர்தோஸின் வாயில் இருக்கிறது.

ஓரடி தள்ளி நின்று மறுபடி சொடுக்குகிறாள்.

முகம் போயிற்று.
சக்கரம் கவ்வும் இடத்தருகே
மயிரிழையில் பாதி, ஒரு கோடு.
நேரே போக வழியில்லாத மின்சாரம்
சுற்றிப்போக முண்டியடித்த இடம்
தகதகக்கிறது.

இடப்பக்கம் போகிறாள். வலப்பக்கம்.
மூச்சைக்கூட அடக்கிப் பார்க்கிறாள்.

மஞ்சள் சுண்ணக்கட்டியால் வட்டம்.

யெர்தோஸ் கையுறையைக் கழற்றி
வெறும் விரலால் அந்த இடத்தைத் தடவுகிறான்.
வழவழ.
"ஒண்ணுமே இல்லையே" என்கிறான்,
விரலை எடுக்காமல்.